எண்பத்தேழாவது கேள்வி

இல்லை, நாலு விடையும் சரியாகத்தான் இருக்கும், பரீட்சை வைக்கிற இவர்கள் பிழைப்பே அதுதான், செய்யக்கூடிய நாலு காரியத்தையும் வரிசையாக எழுதிவிட்டு எதை முதலில் செய்வாய் என்று கேட்பார்கள், ஆகவே பதறாதே, கடைசி வரியை முதலில் படி, அப்புறம் மேலே போ, இரண்டை அடித்துத் தள்ளு, மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றைப் பிடி, ஒரு கேள்விக்கு எழுபத்திரண்டே வினாடி, அதற்கு மேல் போனால் அப்புறம் திரும்பிப் பார்க்க ஒரு கொடி போட்டுவிட்டு நகர்ந்துவிடு... ஷம்சாத் மவுஸை நகர்த்தினாள். முப்பத்தொன்று. நூற்றைம்பதில் முப்பத்தொன்று. மூன்று மணி நேரத்தில் இன்னும் இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம் மிச்சம் என்று திரையின் மூலையில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன, அதைப் பார்க்காதே, போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அதைப் பார்த்துத்தானே நாசமாய்ப் போனாய். தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடி, பன்னிரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டு முதுகு, ஏசி போட்டும் அக்குளில் வேர்வை. கீழே டீக்கடையில் அவள் புருஷன் ஜெய்னுலாபுதீன் மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரை நினைக்காதே. முப்பத்திரண்டு.

ராகவேந்திரா சார் மட்டும் இல்லையென்றால் இந்த வேகம்கூட வந்திருக்காது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், கணக்குப் பட்டம் வாங்கிய இருபத்தெட்டு வயசுப் பையன், வாழ்க்கையில் ஓர் ஊசி போட்டதில்லை, ஊசி போட்டுக்கொள்ளவே பயப்படுவான் போல் இருந்தான், அவன் டெல்டா முழுவதிலுமிருந்து வந்து உட்கார்ந்திருந்த நர்சுகளுக்கு வளைகுடா லைசென்ஸ் பரீட்சை சொல்லிக்கொடுக்கிறான். "மேடம், உங்க ஆஸ்பத்திரிய வாசல்லயே செருப்போட சேத்துக் கழட்டி வெச்சிட்டு உள்ள வாங்க. இந்தப் பரீட்சை உங்க ஆஸ்பத்திரியப் பத்தி இல்ல. எல்லாமே இருக்குற ஒரு ஆஸ்பத்திரியப் பத்தி. அங்க டாக்டர் பக்கத்துலயே இருப்பாரு, மருந்து தீராது, ஒரு நர்சுக்கு நாலே நாலு நோயாளி." அவள் சும்மா இருக்கவில்லை, "அப்படி ஒரு ஆஸ்பத்திரி எங்க சார் இருக்கு, அட்ரஸ் சொல்லுங்க, இன்னிக்கே பஸ் ஏறிடறேன்" என்றாள், வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான், "அதுக்குத்தான் மேடம் இந்தப் பரீட்சையே" என்றான். சரியான பதில்தான் சொன்னான், பாவி.

போன தடவை மூன்று மதிப்பெண்ணில் போனது அவள் ஆஸ்பத்திரியைக் கழற்றி வைக்காததால்தான். நோயாளி அழுதுகொண்டிருக்கிறார், செவிலியர் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசாமல் இருக்க வேண்டுமாம். என்ன கூத்து இது, திருவாரூரில் அவள் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமில் நாற்காலிக்கு எங்கே போவது, இருக்கிற ஒன்றிலும் நோயாளியின் மாமியார் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள், இவள் போய் "கொஞ்சம் எந்திரிங்க, நான் உட்காந்து பேசாம இருக்கணும்" என்று சொல்ல முடியுமா? டாக்டரைக் கூப்பிடுவது என்று போட்டாள், போயிற்று. இன்றைக்கு அப்படி இல்லை. இன்றைக்கு எந்தக் கேள்வி வந்தாலும் நாற்காலி இருக்கிறது என்றே வைத்துக்கொள். நாற்பத்தொன்பது, சி. ஐம்பது, ஏ. இது மூன்றாவது தடவை, இதற்கு மேல் ஏஜென்சி எடுக்காது, அபுதாபி ஆஸ்பத்திரிக்கு முப்பத்தேழு வயதுக்குள் வேண்டுமாம், அவளுக்கு மாசியில் முப்பத்தேழு முடிகிறது. பதினாலு வருடம் புருஷன் வளைகுடாவுக்குப் போய்வந்தார், கம்பெனியை இழுத்து மூடி அனுப்பிவிட்டார்கள், கூத்தாநல்லூர் வீட்டில் காலையில் பேப்பரை விரித்தால் மத்தியானம் வரை அதே பக்கம். இனி உன் முறை ஷம்சு என்றார். ஆனால் அவருக்காக மட்டுமா? உண்மையைச் சொல், உனக்கே வேண்டும், எல்லாமே இருக்கிற அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு நாளாவது டூட்டி பார்த்துவிட வேண்டும், கேட்டது கேட்ட உடனே கையில் கிடைக்கிற ஒரு நாள்... ஐம்பத்தொன்று. மறுபடி நேரம் பார்க்கிறாய்.

எண்பத்தாறு வரை ஓட்டம்தான். இரண்டை அடி, ஒன்றைப் பிடி, நகர். எண்பத்தேழு. கடைசி வரி: செவிலியர் முதலில் செய்ய வேண்டியது எது? முதலில் என்று வந்தால் பிரேக் போடு. மேலே போ. ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம், கீழ் முதுகில் வலி. ஏ, மருத்துவருக்குத் தகவல் சொல்வது. பி, ரத்தம் ஏறும் வேகத்தைக் குறைப்பது. சி, ரத்தத்தை நிறுத்துவது. டி, காய்ச்சலை அளப்பது. சி. விரல் தானாக அழுத்திவிட்டது. மூன்று வினாடி ஆகியிருக்குமா? எண்பத்தெட்டு வந்துவிட்டது, சர்க்கரை நோயாளி, காலில் புண், அவள் கடைசி வரியைப் படித்தாள், மறுபடி படித்தாள், ஆங்கில எழுத்துகள் வெறும் எழுத்துகளாக நின்றன. மூன்று வினாடி.

திரும்பிப் போகாதே. சார் சொல்லியிருக்கிறார், முதலில் போட்ட விடையைத் தொடாதீர்கள், கேள்வியைத் தப்பாகப் படித்திருந்தாலொழிய. தப்பாகப் படிக்கவில்லை. அதுதான் வினை. ஆனாலும் பின்னால் போகும் பொத்தானை அழுத்தினாள், எண்பத்தேழு அதேபோல் உட்கார்ந்திருந்தது, குளிர் நடுக்கம், கீழ் முதுகில் வலி. "நர்சம்மா, முதுவு பொளக்குதும்மா..." அகிலாண்டம் அப்படித்தான் சொன்னாள். குடவாசல் பக்கத்தில் நடவு நடுகிறவள், கர்ப்பப்பை எடுத்திருந்தது, உடம்பில் ரத்தமே இல்லை, பதினோரு வருடத்துக்கு முந்தி, மத்தியானம் மூன்று மணி, வார்டு முழுக்கச் சோற்று வாசனை. திருவாரூரில் அந்த வகை ரத்தம் கிடைக்காமல் அவள் புருஷன் தஞ்சாவூருக்குப் போய், தன் தம்பியைக் கொடுக்க வைத்து, அதற்குப் பதிலாக இவளுக்கான பாட்டிலை ஐஸ் பெட்டியில் வாங்கிவந்தான், பஸ்ஸில் நின்றுகொண்டே வர இருந்தவனுக்குக் கண்டக்டர் தன் சீட்டைக் கொடுத்தாராம். "பச்சப்புள்ளயத் தூக்கியார மாதிரி மடியில வெச்சுக் கொண்டாந்தேன் நர்சம்மா." படுக்கை படுக்கையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். வார்டு முழுக்க அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவாள் ஒருத்தி? நிறுத்தினால் கொட்டத்தான் வேண்டும். அவன் கட்டில் காலடியில் நின்று சொட்டுச் சொட்டாக இறங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் கண்ணுக்கு முன்னால் அதை மூடுவதா?

அவள் மெதுவாக்கினாள். டாக்டர் மெதுவாக்கச் சொன்னார், மெதுவாக்கினாள். இதை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், நிக்காஹ் ஆன புதிதில் ஓர் இரவு அழுதுகொண்டே புருஷனிடமும் சொன்னாள், "டாக்டர் சொன்னதத்தானே புள்ள செஞ்ச, நீ என்ன பண்ணுவ" என்று தலையைத் தடவிக்கொடுத்தார். டாக்டர் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், மண்டபத்துக்குப் போன் போட்டு, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் வந்து ரிசீவரை வாங்கியதும்... ஏ, மருத்துவருக்குத் தகவல் சொல்வது. பி, வேகத்தைக் குறைப்பது. எது முதலில்? ஏயா, பியா? இந்தக் கேள்வி அவளிடம் அதைத்தானே கேட்கிறது, பரீட்சையில் அல்ல, வேறெங்கோ நின்றுகொண்டு. நீ எதை முதலில் செய்தாய்? பி. பியைத்தான். போன் போடும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டாள். போனில் என்ன சொன்னாள்... "சார், லேசா குளிருது போல இருக்கு, மெதுவா விட்டிருக்கேன்." லேசா. லேசாவா குளிரியது? கட்டில் ஆடியதே! முதுகைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாயா? நாதஸ்வரச் சத்தத்தில் அவர், "சரி, அப்படியே விடுங்க, ஒரு அவில் ஊசி போடுங்க, கிளம்பி வரேன்" என்றார். நீ செய்ததற்கு அவர் சரி சொன்னார். அவர் சொன்னதை நீ செய்யவில்லை. பதினோரு வருடமாக அதை யார் திருப்பிப் போட்டது, அவள்தானே, வேறு யார்.

மின்சாரம் போயிற்று. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது, யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள், திரைகள் மட்டும் பேட்டரியில் ஒளிர்ந்தன, கண்காணிப்பாளர், "யாரும் பயப்படாதீங்க, டைம் நிக்காது, ஆனா ஒண்ணும் ஆகாது, ஜெனரேட்டர் போட்டுருவாங்க" என்றார். டைம் நிற்காது. ஷம்சாத் தன் கையைப் பார்த்தாள், அது மவுஸை நகர்த்திச் சியில் இருந்த புள்ளியைப் பிக்குக் கொண்டுபோயிருந்தது. எப்போது மாற்றினாள்? வேண்டுமென்றேவா? பி என்றால் அவளுக்குத் தெரியாது என்று அர்த்தம். தெரியாமல் செய்தவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, இருபத்தைந்து வயசு, மூன்று வருட அனுபவம், கூட ஆள் இல்லை, தெரியாமல் செய்துவிட்டாள், அவ்வளவுதானே. ஒரு மதிப்பெண், போகட்டும். போன தடவை மூன்றில் போனாய், இந்தத் தடவை ஒன்றில் போனால்? கீழே ஜெனரேட்டர் உறுமிற்று. கொடி போட்டாள். நகர்.

எண்பத்தெட்டு, புண், சுத்தம் செய்வது, பி. இல்லை, முதலில் பார்ப்பது, ஏ. எண்பத்தொன்பது. தொண்ணூறு. நூறு. நூற்றுப் பதினொன்றில் ‘தவிர’ என்ற சொல்லைப் படிக்காமல் போட்டுவிட்டு நல்லவேளை திரும்பிப் பார்த்தாள். மூச்சு விடு. அவன் மறுபடி வந்தான், அகிலாண்டத்தின் புருஷன், நினைக்காதே என்று சொன்னால் கேட்கிற மனசா இது. அவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலாம் நாள், சிறுநீர் அடைத்து, முடிந்துபோயிற்று. எங்கே பிசகியதோ, யார் பாட்டிலை யாருக்கு எழுதினார்களோ, யாரும் தோண்டவில்லை, டாக்டர் வந்து நுழைந்ததும் கத்திய கத்தல் மட்டும், "முதல்ல அத நிறுத்துங்க!", அது நாற்பது நிமிடத்துக்கு அப்புறம். நாற்பது நிமிடம் சொட்டியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் ஒரு பை நிறையப் பச்சைப்பயறு கொண்டுவந்தான், அவர்கள் ஊர் உளுந்து பயறுக்குப் பேர்போனது, "நீங்கதாம்மா வண்டில ஏத்துற வரைக்கும் அவ கூடவே நின்னீங்க, கையப் புடிச்சுக்கிட்டு" என்றான். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு "எல்லாம் அல்லாவோட நாட்டம்ங்க" என்று வேறு சொன்னாள்! அந்தப் பயறை வீட்டில் ஆக்கிச் சாப்பிட்டார்கள், அவளைப் பெற்ற அத்தா நல்ல பயறு என்றார். நூற்று முப்பது. நூற்று முப்பத்தொன்று, தெரியவில்லை, தெரியாவிட்டால் வெற்றாக விடாதே, ஏதாவது ஒன்று, டி.

நூற்றைம்பது முடிந்தபோது ஒன்பது நிமிடம் இருந்தது. சபாஷ் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. கொடி போட்டவை பதினொன்று என்று திரை பட்டியல் போட்டுக் காட்டியது, ஒவ்வொன்றாகத் திறந்தாள், மருந்துக் கணக்கு, குழந்தையின் எடை, ஆக்சிஜன், பத்தையும் தாண்டினாள், ஒன்று மிஞ்சியது. நாலு நிமிடம். எண்பத்தேழைத் திறக்காமலே முடித்துக்கொள்ளலாம், பி இருக்கட்டும். எத்தனை சரியாக இருக்கும், எத்தனை வேண்டும்... தொண்ணூறு வேண்டும், அவள் மனக்கணக்கு எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்று மூன்றுக்கும் நடுவில் ஊசலாடியது. திறந்தாள். மூன்றரை நிமிடம். பி கறுப்பாக இருந்தது. உனக்குத் தெரியாது, சரி. தெரியாதவள் அபுதாபிக்குப் போய் என்ன செய்வாள்? அங்கே ரத்தம் லிப்டில் இறங்கி வரும், யாரும் மடியில் வைத்துக்கொண்டு வரமாட்டார்கள், கொட்டினால் இன்னொன்று வரும், அங்கே எவளும் நிறுத்திவிடுவாள், அங்கே நிறுத்துவதற்கு என்ன தைரியம் வேண்டிக் கிடக்கிறது! இங்கேதான்... இங்கே அவன் கண் முன்னால்... தெரியாமல் இல்லை ஷம்சாத், நர்சிங் இரண்டாம் வருடப் பரீட்சையில் இதே கேள்விக்கு அரைப் பக்கம் எழுதினாய், சிஸ்டர் டியூட்டர் வகுப்பில் படித்துக் காட்டச் சொன்னார். பயந்தாய். ரத்தத்துக்கு இல்லை, அவன் முகத்துக்குப் பயந்தாய். அதை ஒரு தடவையாவது உன்னிடமே சொன்னாயா? இரண்டு நிமிடம். விரல் சியின் மேல் போய் நின்றது. இதை அழுத்தினால் ஜெயிக்கலாம். ஜெயிக்க வேண்டுமென்றால் இதை ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு சுளுவான ஒப்பந்தம், அந்தப் பக்கத்தில் மனுஷர்கூட இல்லை, ஒரு டப்பா. நாற்பது வினாடி. அழுத்தினாள். முடித்துக்கொள்கிறாயா என்று கேட்டது. ஆம்.

திரை வெளுத்தது, சுற்றிச் சுற்றி என்னமோ ஓடியது, அப்புறம் ஒரே ஒரு சொல், தேர்ச்சி. மதிப்பெண் இல்லை, எது சரி எது தப்பு என்று ஒன்றும் இல்லை. எண்பத்தேழு இல்லாமலே தேறியிருப்பாளா, இல்லை அந்த ஒன்றால்தான் தேறினாளா, கடைசி வரைக்கும் தெரியப்போவதில்லை. கண்காணிப்பாளர் ஒரு தாளை அச்சடித்து முத்திரை குத்திக் கொடுத்தார், "வாழ்த்துகள்மா" என்றார். அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள்.

ஜெய்னுலாபுதீன் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவந்தார், "என்ன ஷம்சு, என்னாச்சு, ஏன் முகம் இப்படி இருக்கு?" அவள் தாளைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார், மறுபடி படித்தார், "அல்ஹம்துலில்லாஹ்!" என்று ரோடே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார், கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு, கையோடு போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார், மகள் இர்ஃபானா எடுக்க வேண்டும், மணி அடித்துக்கொண்டிருந்தது. "பாத்தியா, எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டே ரெண்டு தடவ கோட்ட விட்டிருக்க. ஒனக்கா தெரியாது!" என்று சிரித்தார்.

"தெரியுங்க" என்றாள் ஷம்சாத். "அப்பவே தெரியும்."

"எப்பவே?"

சும்மாதான் கேட்டார், போன் காதில் இருந்தது, அரைக் கவனம்தான். ஆனால் இந்தப் பதினோரு வருடத்தில் டாக்டர் கேட்கவில்லை, அகிலாண்டத்தின் புருஷன் கேட்கவில்லை, அவளைப் பெற்ற அத்தா கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை, இதோ நடுரோட்டில், பட்டுக்கோட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புகிற சத்தத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். இர்ஃபானா எடுத்துவிட்டாள், "அத்தா? அம்மா பாஸா?" என்று அவள் குரல் போனுக்கு வெளியே வரை கேட்டது. அவர் ஷம்சாத்தின் முகத்தைப் பார்த்தார், போனைக் கொஞ்சம் கீழே இறக்கி, இந்தத் தடவை மெதுவாக, "எப்ப புள்ள?" என்றார்.